குமுளியில் இல்லாத பெண்

பீட்டர்ராஜுக்கு இருந்த நோய் அவன் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குக் குமுளியில் ஒரு தொடுப்பு உண்டு என்பது மட்டும் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நோய் நிஜம், தொடுப்பு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். இவன் இல்லாத பூசணிக்காயைக் காட்டி, இருந்த சோற்றையும் கொட்டிவிட்டு நின்றவன்.

சவேரியார்பட்டி உத்தமபாளையத்துக்கு மேற்கே திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஊர் முழுக்கக் கத்தோலிக்க வேதக்காரர்கள். பீட்டர்ராஜுக்கு நாற்பத்து நாலு வயது. பதினெட்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் கம்பத்தில் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். மனைவி ஜெசி கூடலூர்க்காரி. ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெரிய குறை என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் முந்நூறு அடிப் பள்ளம். பின்னால் பதினாலு பெண்களும் ஒரே குரலாகக் கத்துகிறார்கள். பீட்டர்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கம் திருப்பி மண்ணில் சொருகினான். முன்பக்கம் நசுங்கியது. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. சங்கிலியம்மாள் என்கிற வயசாளி இறங்கி வந்து அவன் கன்னத்தைத் தடவி, "ஏலே, நீ எங்களுக்குக் கொலசாமிடா" என்று அழுதாள். அவன் சிரித்தான். மறுநாள் வேறு ஜீப்பில் வேலைக்குப் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்துத் தொடங்கியது. சீட்டில் உட்கார்ந்தால், அடியில் கோலிக்குண்டை வைத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். போய்விட்டு வந்த கால்மணி நேரத்தில் மறுபடியும் முட்டியது. பெண்டாட்டியோடு படுத்தால் மறுநாள் முழுக்க அடிவயிற்றிலிருந்து நுனி வரைக்கும் குத்தல். மலைரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது.

"சூடுங்க. நாளெல்லாம் இஞ்சின் மேல உக்காந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் ஜெசி. வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள், இளநீர் வெட்டிக் கொடுத்தாள், சனிக்கிழமை சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பாயில் படுக்கவைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். எல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது. வலி மட்டும் போகவில்லை. எரிச்சல் என்று சொன்னானே தவிர, எங்கே, எப்போது என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு அவனாகவே அலைய ஆரம்பித்தான். மாதம் ஒருமுறை தேனியில் லாட்ஜ் ரூம் எடுத்து உட்காருகிற ஒரு வைத்தியன், "இள வயசுல செஞ்ச தப்பு, இப்ப வட்டி கட்டுது" என்று சொல்லிச் சூரணம் கொடுத்தான். அந்த ஒரு வார்த்தையில் பீட்டர்ராஜ் குன்றிப்போனான். பாவத்துக்கு வந்த தண்டனை என்றே நினைத்தான். மருந்துக்கடையில் கிருமி மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கினான். கூட வண்டி ஓட்டுகிற கோட்டைச்சாமி செல்போனில் ஒரு வீடியோ காட்டி, "கீழ்ப்பக்கத்த இறுக்கி இறுக்கி விடணுமாம் மச்சி, தினம் நூறு தடவ. ஆம்பளைக்கு இதான் டானிக்காம்" என்றான். பீட்டர்ராஜ் நூறை இருநூறாக்கினான். செக்போஸ்டில் நிற்கும்போதும் இறுக்கினான், பூசையில் முழந்தாளிடும்போதும் இறுக்கினான். பத்தே நாளில் வலி இரண்டு மடங்கானது. ஜெசியின் பக்கத்தில் படுப்பதை விட்டுவிட்டு முன்னறையில் பாய் விரித்தான். கேட்டதற்கு முதுகுவலி என்றான்.

கடைசியில் தேனியில் ஒரு சிறுநீரக டாக்டரைப் பார்த்தான். அவர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, "கிருமி இல்ல, கல் இல்ல, சுரப்பியில வீக்கம் இல்ல. இது தசை சமாச்சாரம். மாத்திரைய நிறுத்திட்டு பிசியோதெரபிக்குப் போங்க" என்று ஒரு சீட்டில் விஜி என்று பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தார். ஆம்பளை என்று நினைத்துத்தான் மாடி ஏறினான். அங்கே திருநீறு இட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வயதில் பெரியகுளத்துக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சேசு மரியே! திரும்பிப் பாதிப் படி இறங்கிவிட்டான். "அண்ணே, வலியோட போகாதீக. பேசிட்டாவது போங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

விஜி முதல் நாள் அவனைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டாள். எப்போதிருந்து வலி, உட்கார்ந்தால் கூடுகிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறான், மலச்சிக்கல் உண்டா, பெண்டாட்டியோடு எப்படி என்று எல்லாவற்றையும் அரிசி விலை கேட்கிற மாதிரி கேட்டாள். கடைசியில், "அதுக்கு முந்தின மாசம் என்ன நடந்துச்சு?" என்றாள். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. பீட்டர்ராஜ் மழைநாளைப் பற்றிச் சொன்னான்.

அவள் மேஜையிலிருந்து பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இங்கன பாருங்க. எலும்புக்கு அடியில முன்னால இருந்து பின்னால வரைக்கும் தூளி கட்டுன மாதிரி தசை இருக்கு. மூத்திரப்பை, குடல் எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பயந்தா அது இறுகும். பயம் போனதும் தளரணும். உங்களுக்குத் தளரல. அன்னைக்குப் பிரேக்க மிதிச்ச காலை நீங்க இன்னும் எடுக்கல."

"அன்னைக்குப் பிரேக்கு பிடிக்கலம்மா."

"அதான் நீங்க பிடிச்சிட்டீக."

பாவம் இல்லை, தப்பு இல்லை, பொம்பளை சகவாசத்தில் வருகிற சீக்கும் இல்லை. பயந்த உடம்பு, அவ்வளவுதான். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக அவன் நிம்மதியாகத் தேநீர் குடித்தது அன்றைக்குத்தான்.

இறுக்குகிற பயிற்சியை அன்றோடு நிறுத்தச் சொன்னாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு எழும்ப மூச்சு இழுத்து மெல்ல விட வேண்டும். குழந்தை தவழ்கிற மாதிரி இருந்து பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் இடுப்பு நனைய உட்கார வேண்டும். முட்டுகிறதோ இல்லையோ என்று சும்மா சும்மா ஒன்றுக்கு ஓடக் கூடாது, முட்டினால் அடக்கவும் கூடாது. உள்ளே எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்க்கக் கையுறை போட்டுப் பின்வழியாகத்தான் தொட வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். "உங்களுக்குச் சம்மதம்னா செய்வோம். வேண்டாம்னா வேண்டாம்." மூன்று வாரம் வேண்டாம் என்றவன் நாலாவது வாரம் சரி என்றான். அவளுடைய உதவியாளர் பக்கத்தில் நிற்க, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். விரல் பட்ட ஓரிடத்தில் அதே பழைய வலி அப்படியே வந்தது. அவள் அழுத்திப் பிடித்து மூச்சு விடச் சொன்னாள். அந்த முடிச்சு இளகியபோது அவனுக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. வெட்கம் கெட்டு, ஓவென்று அழுதான்.

"வீட்டுல அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்கண்ணே. அவுகளுக்கும் தெரிஞ்சாத்தான் உங்க மனசு தளரும்" என்று வாராவாரம் சொன்னாள் விஜி. அடுத்த வாரம் என்று வாராவாரம் சொன்னான் அவன்.

மலைரோட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. பெண்கள் விடியற்காலையில் ஏறினால் தோட்டம் போகிறவரை இறங்க முடியாது. "செத்த நிப்பாட்டுடா" என்று சங்கிலியம்மாள் கேட்கும்போதெல்லாம், "பிடிச்சுக்க ஆத்தா, லேட்டாகுது" என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்தவன் அவன். இப்போது புதர் மறைவாக ஓரிடம் பார்த்துத் தினமும் அவனாகவே வண்டியை நிறுத்தினான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

இவ்வளவும் செய்தவன் விஜியின் நம்பரைச் செல்போனில் எப்படிப் பதிந்துவைத்தான் தெரியுமா? விஜி மெக்கானிக் என்று. அட கெட்டிக்காரா! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது எட்டு வாரம் தாங்கியது. ஒரு திங்கட்கிழமை அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்க, ஜெசி எடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பெண் குரல் பேசிவிட்டது.

"விஜி பேசுறேன். நாளைக்கு மூணு மணிக்கு வந்துருங்க. இந்தத் தடவ கூச்சப்படாதீக, உடம்ப நல்லாத் தளர விடுங்க. வீட்டுல இன்னும் சொல்லலையா நீங்க?"

ஜெசி போனை வைத்துவிட்டாள். ஈரத்தலையோடு வந்தவனிடம், "யாருங்க விஜி?" என்று மட்டும் கேட்டாள். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "மெக்கானிக்கு" என்றான்.

ஒரு வருடமாகத் தனிப்பாய். செவ்வாய்க்கிழமை தோறும் வண்டிக்கு லீவு போட்டுவிட்டுத் தேனி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னவோ பெருமூச்சு. இப்போது இந்தக் குரல். ஜெசி வேறு எதை நினைப்பாள்? அவள் தம்பி அருண் ஜோசப் கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அழுதுகொண்டே அவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மச்சானின் போனைப் பிடுங்கிப் பார்ப்பதற்குள் பீட்டர்ராஜ் நம்பரை அழித்துவிட்டிருந்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து பங்கு அலுவலகத்தில் விசாரணை. பங்குச் சாமியார், நாட்டாண்மை, அப்போஸ்தலர்கள் கணக்கில் பன்னிரண்டு பெரிய ஆட்கள். சுவரோரம் முக்காட்டோடு ஜெசி. அருண் ஜோசப் எகிறினான். "யாரு மச்சான் அந்த விஜி? தேனியில எங்கன இருக்கா? சொல்லுங்க, இன்னைக்கே போய் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வாரோம்."

பீட்டர்ராஜ் வாயைத் திறந்தான். டாக்டர் என்று சொன்னால், என்ன நோய் என்று கேட்பார்கள். எங்கே வலி என்று கேட்பார்கள். பொம்பளையா வைத்தியம் பார்க்கிறாள், எப்படிப் பார்க்கிறாள் என்று கேட்பார்கள். பன்னிரண்டு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். நாளைக்கே டீக்கடையில் தன் இடுப்புக்குக் கீழே நடக்கப்போகிற பேச்சு இப்போதே காதில் விழுந்தது. இன்னொரு பக்கம், இவர்கள் நிஜமாகவே தேனிக்குப் போய் அந்த நல்ல பெண்ணின் மாடியில் ஏறி நின்றால் என்ன ஆகும் என்ற பயம்.

"விஜியும் இல்ல, தேனியும் இல்ல. அவ பேரு லில்லி. குமுளியில இருக்கா" என்றான்.

நாட்டாண்மையின் முகத்தில் கோபத்துக்கு அடியில் லேசான மரியாதை ஒன்று எட்டிப்பார்த்தது. அதைப் பீட்டர்ராஜ் கவனித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அது அவனுக்கு இதமாகவும் இருந்தது. ஊர் லட்சணம் அப்படி. வைப்பாட்டி வைத்தவனைத் திட்டுவார்கள், நோய் வந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். திட்டு வாங்குவதே மேல் என்று முடிவெடுத்துவிட்டான் மடையன். மனம் திருந்துகிறவரை பூசையில் நற்கருணை கிடையாது, திருவிழாவில் சொரூபம் வைத்துத் தூக்குகிற சப்பரத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. ஜெசி எழுந்து போனாள். வீட்டில் நாலு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கூடலூருக்குப் பஸ் ஏறினாள். மகள் அன்றோடு அவன் போனை எடுப்பதில்லை.

வீடு காலியான பிறகு பயிற்சிக்குக் கதவைச் சாத்த வேண்டிய அவசியமில்லை. நடுவீட்டில் படுத்து மூச்சு விட்டான். செவ்வாய் தவறாமல் தேனிக்குப் போனான். ஐந்தாறு மாதத்தில் கோலிக்குண்டு கரைந்தது, எரிச்சல் நின்றது, முழுத்தூக்கம் தூங்கினான். "உங்கள மாதிரி ஒழுங்காப் பண்றவுகள நான் பாத்ததில்லண்ணே" என்றாள் விஜி. "அக்கா என்ன சொல்றாக?" என்று கேட்டதற்கு, "சந்தோசமா இருக்கா" என்றான். குணமான உடம்பை வைத்துக்கொண்டு யாருக்காகக் குணமானோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

தவக்காலம் வந்தது. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, "சாமி, பொய் சொன்னேன். லில்லின்னு யாருமே இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "இங்க கேட்டத நான் வெளிய ஒரு வார்த்த பேச முடியாதுப்பா. நீயேதான் போய் உன் மனைவிகிட்ட சொல்லணும். நாள் கடத்தாத" என்றார்.

ஈஸ்டருக்கு மறுநாள் கூடலூர் போனான். ஜெசி தாய்வீட்டு வாசலில் திராட்சைப் பெட்டிக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து, மழைநாளில் தொடங்கி விஜி வரை, எங்கே வலி, எப்படி வைத்தியம் என்பது உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னான். டாக்டர் சீட்டுகளையும் எடுத்து வைத்தான். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அப்ப லில்லி?"

"இல்ல ஜெசி. அப்படி ஒருத்தி இல்லவே இல்ல."

அவள் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "மூணு நாளு குமுளியில அலைஞ்சேன்யா. கடைகடையா ஏறி, லில்லின்னு ஒருத்தி இருக்காளா, லில்லின்னு ஒருத்தி இருக்காளான்னு கேட்டேன். ஒரு மலையாளத்து அம்மா என்னைய உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து எங்கூடச் சேந்து அழுதுச்சு. இந்தத் தவசுக்காலம் பூராவும் அந்த லில்லிக்கு ஒரு ஜெபமாலை சொன்னேன். அவளும் யாரு பெத்த பிள்ளையோன்னு. உங்களையும் அவளையும் மன்னிச்சுறணும்னு பெரிய வெள்ளியன்னைக்குத்தான் மனசத் திடப்படுத்துனேன். இப்ப நான் யார மன்னிக்கிறதுய்யா?"

பீட்டர்ராஜ் டாக்டர் சீட்டுகளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினான்.

"தொப்புள்ல விளக்கெண்ண விட்டவகிட்டச் சொல்ல உங்களுக்கு என்னய்யா வெக்கம்? பன்னெண்டு ஆம்பளைகளுக்கு முன்னால நான் வேண்டாதவளா உக்காந்திருந்தேனே, அது பரவாயில்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. வார ஞாயித்துக்கிழமை திருவிழாக் கூட்டம் இருக்கு. அதே பன்னெண்டு பேரும் இருப்பாக. அங்கன சொன்ன பொய்ய அங்கனயே போய் இல்லன்னு சொல்லுங்க. நோயச் சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறேன். சொல்லிட்டு வந்தீகன்னா அப்படியே உங்ககூட வீட்டுக்கு வாரேன்."

"சொல்றேன்" என்றான். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தான். ஆறு நாளும் ஜீப் ஓட்டிக்கொண்டே வார்த்தைகளை ஒத்திகை பார்த்தான். லில்லி இல்லை, எனக்கு நோய், தேனியில் வைத்தியம். மூன்றே வரி.

ஞாயிறு பூசை முடிந்தது. ஜெசி சொன்னபடி வந்திருந்தாள். பங்கு அலுவலகத்தின் திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, மணிக்கூண்டு நிழலில், அதே பையோடு நின்றாள். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் பீட்டர்ராஜ் உள்ளே நுழைந்தான். சப்பரத்துக்கு யார் யார் தோள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாமியார் அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரியும். வாய்தான் திறக்க முடியாது.

நாட்டாண்மைதான் முதலில் பேசினார். அவர் மனதில் கல்மிஷம் எதுவும் இல்லை. "வாப்பா பீட்டரு! என்ன, உன் மலையாளத்தாளு சவுக்கியமா?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பீட்டர்ராஜ் வயிறு எழும்ப மூச்சு இழுக்கப் பார்த்தான். மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. இடுப்புக்கு அடியில், சில மாதமாகக் காணாமல் போயிருந்த அந்தப் பிடி, ஒரே இழுப்பில் இறுகியது. மூன்று வரியில் ஒரு வரியும் நாக்குக்கு வரவில்லை. எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சவுக்கியந்தாண்ணே" என்று சொல்லி, அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். பீட்டர்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பியபோது மணிக்கூண்டு நிழலில் யாரும் இல்லை. கூடலூர் பஸ் பத்தரைக்கு. அதைப் பிடிக்க அவள் வேகமாக நடந்துபோனதை, ஊரில் நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள்.